ஏழு ஆம்பியர் அவனும் ஆறரை ஆம்பியர் ஏசியும்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் தெய்வசிகாமணி ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் சண்டை கிடையாது. கணக்குதான்.

அவரை இந்த முடிவுக்குத் தள்ளியது மெயின் சுவிட்ச். முதலியார்பேட்டையில் அவரும் மனைவி சுமலதாவும் குடியிருந்தது ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம். மாடியில் வீட்டுக்காரம்மா அஞ்சலாட்சி. மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே மெயின். பதினாறு ஆம்பியர் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் 'டப்' என்று விழுந்துவிடும். ஒரு வாரமாகத் தினமும் சாயங்காலம் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற நேரத்தையும் அது பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தது. மாடியில் சீரியல் ஓடும். மருமகள் கை மாமியார் கன்னத்தில் இறங்கப் போகும். டப். கை இறங்காது. அஞ்சலாட்சிதான் இறங்கி வருவார்.

"இன்னா தம்பி, இன்னிக்கும் அந்த அறை எனக்குக் கிடைக்கல."

"அம்மா, அது வந்து..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம். கீழ ரெண்டு ராட்சசனை வெச்சிருக்கீங்க. ஒண்ணு உன் ஏசி. ஒண்ணு சுமாவோட கேக் அடுப்பு. சாயங்காலத்துல ரெண்டுல ஒண்ணு நிக்கணும். எதுன்னு நீங்களே பேசி முடிங்க. முடிக்கலைன்னா ஆளைக் கூப்ட்டு ரெண்டு ஒயரையும் வெட்டிப்புடுவேன்."

"பெரிய லைனா மாத்திட்டா..."

"கரண்ட் ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன். வரும்போது வரட்டும். அதுவரைக்கும் ஒண்ணு நிக்கணும்."

எது நிற்பது என்பதில்தான் தெய்வசிகாமணியின் பிழைப்பே இருந்தது. இருபது வருஷம் பாரிசுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இப்போது முதலியார்பேட்டை ஹாலில் உட்கார்ந்துகொண்டே ஒரு பிரெஞ்சு இன்சூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்கு வீடியோவில் பதில் சொல்லும் வேலை. அங்கே விடிந்தால் இங்கே மதியம். அவர் வேலை முடிய இங்கே இரவாகிவிடும். கம்பெனி விதிப்படி கோட்டும் டையும் கட்டாயம். கோட்டுக்குக் கீழே கைலி. கழுத்துப் பக்கம் பாரிஸ், இடுப்புக்குக் கீழே முதலியார்பேட்டை. ஏசி இல்லாவிட்டால் பாரிஸ் பகுதி முழுக்க வேர்த்து ஒழுகும். போன வருஷம் ஏசி வாங்குவதற்கு முன், மே மாதத்தில், கார் இடித்த விஷயமாகப் பேச வந்த ஒரு மதாம், "மொசியே, நீங்கள் அழ வேண்டாம், எனக்கு ஒன்றும் அடிபடவில்லை" என்று அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

சுமலதாவின் பக்கம் என்னவென்றால் கேக். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், காதுகுத்து எதுவானாலும் பக்கத்துத் தேங்காய்த்திட்டு வரைக்கும் அவள் கேக்தான் போகும். அதற்கென்று ஒரு பெரிய மின்சார அடுப்பு. அதை அவள் 'அவன்' என்பாள். ஊரே அப்படித்தான் சொல்கிறது, அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "இருங்க, அவனை அணைச்சிட்டு வரேன்" என்று அவள் போனில் சொல்லும்போதெல்லாம் தெய்வசிகாமணிக்குச் சுருக்கென்றிருக்கும். வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் இருப்பதுபோலவும், அதில் சூடாக இருப்பவனுக்குத்தான் மரியாதை என்பதுபோலவும்.

அன்றைக்கு அஞ்சலாட்சி மாடியேறியதும் அவர் ஆரம்பித்தார்.

"சுமா, நாம சண்டை போட வேணாம்."

"நான் எங்கங்க போட்டேன்?"

"உன் அவன்தான் அதிகமா இழுக்குது."

"உங்க ஏசிதான்."

"அவன்."

"ஏசி."

"சண்டை போட வேணாம்னு சொன்னேன்ல?"

"நீங்கதான் ஆரம்பிச்சீங்க."

இந்த இடத்தில்தான் அவர் எழுந்து நின்று கணக்கு என்ற வார்த்தையைச் சொன்னார். பிறகு கண்ணாடியில் எழுதும் பேனாவை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதினார்: U = R × I. அதற்குக் கீழே P = U × I.

"யூ யாரு?" என்றாள் சுமலதா.

"வோல்டேஜ்."

"நாங்க படிக்கிறப்ப அது வி."

"பிரெஞ்சுல யூ. நான் படிச்ச ஸ்கூல்ல யூ. அங்க வோல்டேஜுக்குப் பேரு தான்சியோன்."

"டென்ஷனா?"

"அப்படியும் சொல்லலாம்."

"அதான் உங்ககிட்ட எப்பவும் இருக்கா?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினார். தண்ணீர்க் குழாய் மாதிரி வைத்துக்கொள். மேல்டேங்க் எவ்வளவு உயரமோ அது யூ. குழாயில் எவ்வளவு ஓடுகிறதோ அது ஆம்பியர், அதாவது ஐ. குழாய் எவ்வளவு குறுகலோ அது ஆர், ஓம் கணக்கு. உயரத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் எவ்வளவு வேலை நடக்கிறது என்று தெரியும், அது வாட். மெயின் விழுவது ஆம்பியரால். எந்த மிஷின் அதிக ஆம்பியர் இழுக்கிறதோ அதுதான் குற்றவாளி. முடிந்தது.

"நம்ம டேங்க்ல தண்ணி எப்பவும் ஒரே அளவா இருக்குமா?" என்று கேட்டாள் அவள்.

"இருநூத்தி முப்பது. ஏசி முதுகுல போட்டிருக்கு. உன் அவன் முதுகுலயும் போட்டிருக்கு. போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். போட்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் வந்து மாவு சலிக்க உட்கார்ந்தாள். அந்த மௌனத்தைத் தெய்வசிகாமணி சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றுக்கொள்ளாத ஒரே பாடம் அது.

மறுநாள் நேரு வீதிக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கி வந்தார். நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும். ஒயரை அந்த வாய்க்குள் விட்டால் போதும், எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று எண்ணில் காட்டும். அதற்கடுத்த நாள் காலை சுமலதா அவனைச் சூடாக்க, அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, தெய்வசிகாமணி கொடுக்கைத் திறந்து அதன் ஒயரைக் கவ்வினார்.

சுழியம்.

தட்டிப் பார்த்தார். சுழியம். திருப்பிப் பிடித்தார். சுழியம்.

"என்னங்க, அவன் கரண்டே குடிக்கலையா?"

"இரு."

"அப்ப அவன் நல்லவன்."

"இரு சுமா!"

விஷயம் இதுதான். அந்த ஒயருக்குள்ளே போகிற கம்பியும் இருக்கிறது, வருகிற கம்பியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு மீட்டர் சும்மா இருக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து வீட்டுக்கு ஒன்றும் புரியாததுபோல. இந்தச் சங்கதி அவருக்கு நினைவுவர இரண்டு காபி ஆனது. பிறகு மெயினை இறக்கிவிட்டு, சுவர் போர்டைக் கழற்றி, போகிற கம்பியை மட்டும் தனியே இழுத்துவிட்டு, மெயினை ஏற்றி, கவ்வினார்.

ஏழு.

"வொயலா! இதோ பாரு!" என்றார். அடுத்து ஏசி. அது போர்டிலிருந்து ஸ்டெபிலைசருக்குப் போய், அங்கிருந்து ஏசிக்குப் போகிறது. ஏசி வாங்கும்போது கடைக்காரர் விடாமல் தலையில் கட்டிய ஸ்டெபிலைசர் அது. போர்டிலேயே கவ்வினார்.

ஆறரை.

மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் ஏதோ பிரெஞ்சு அரசாங்கம் கூப்பிட்டுப் பதக்கம் குத்தினதுபோல இருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் எழுதினார். அவன் 7. ஏசி 6.5. பக்கத்தில் கணக்கும் போட்டார். இருநூற்று முப்பதை ஏழால் வகுத்தால் முப்பத்துமூன்று ஓம். இருநூற்று முப்பதை ஏழால் பெருக்கினால் ஆயிரத்து அறுநூற்றுப் பத்து வாட். ஏசிக்கு ஆயிரத்து ஐந்நூறுகூட வரவில்லை.

"முப்பத்துமூணு ஓம்!" என்று சத்தம் போட்டுச் சொன்னார்.

"இன்னா பூஜை கீழ?" என்று மாடியிலிருந்து குரல் வந்தது. "நான் கோயிலுக்குக் கிளம்பிட்டேன். பிரசாதம் இருந்தா எடுத்து வைங்க."

"சுமா, பாத்துக்கோ. அரை ஆம்பியர் வித்தியாசம். இனிமே சாயங்காலம் அவன் கிடையாது."

சுமலதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவைப் படித்தாள். நிதானமாக, மேலிருந்து கீழ்வரை.

"தீர்ப்பு சொல்ல வேண்டியவங்க கோயிலுக்குப் போயிட்டாங்களே. அவங்க இல்லாம எப்படிங்க செல்லும்?"

"வந்ததும் காட்டுறேன்."

"எழுதி வெச்சிருக்கறதக் காட்டுனா நம்புவாங்களா? நீங்களே அளந்து நீங்களே எழுதிக்கிட்டீங்கன்னு சொல்வாங்க. அவங்க கண்ணு முன்னாடி அளங்க."

"அளக்குறேன்! நூறு தடவை அளந்தாலும் இதேதான் வரும்."

"சாயங்காலம் வெச்சுக்கலாமா? சீரியலுக்கு முன்னாடி வருவாங்க."

"எப்ப வேணா வெச்சுக்கோ. கம்பிக்குக் காலை மாலை தெரியுமா?"

"முப்பத்துமூணு ஓம் சாயங்காலம் மாறாதுல்ல?"

"ஓம் மாறாது. அது கம்பிச்சுருளோட குணம்."

"சரிங்க. எதுல அதிகமா காட்டுதோ அது சாயங்காலத்துல ஓடக் கூடாது. பேச்சு மாறக் கூடாது."

"பேச்சு மாறுனா என் பேரு தெய்வசிகாமணி இல்ல."

அவள் உள்ளே போய்விட்டாள். போகும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். தோற்றவள் எதற்குப் பாடுகிறாள் என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது. மதிய வேலைக்கு டை கட்ட வேண்டியிருந்ததால் அந்த யோசனை டையோடு முடிச்சுப் போடப்பட்டுவிட்டது.

சாயங்காலம் நாற்காலி போட்டு அஞ்சலாட்சியை உட்கார வைத்தார்கள். சுமலதா அவர் கையில் ஒரு தட்டில் கேக் துண்டு கொடுத்தாள். தெய்வசிகாமணி அதை ஆட்சேபித்தார்.

"அம்மா, நடுவர் ஒரு பக்கம் சாப்பிடக் கூடாது."

"உன் பக்கம் இன்னா இருக்கு சாப்பிட?" என்று அஞ்சலாட்சி கேட்டார்.

வெளியே தெரு முழுக்கத் தண்ணி மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வீடு ஏசியின் வெளிப்பெட்டிகள் இரைந்தன. ஹால் ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம் போலச் சுற்றியது. இன்சூரன்ஸ் வேலைக்கு இடைவேளை சொல்லிவிட்டுக் கோட்டோடும் கைலியோடும் வந்து நின்ற தெய்வசிகாமணி மேலே பார்க்கவில்லை. அவர் பார்வை கொடுக்கின் மேல் இருந்தது.

"முதல்ல குற்றவாளி. அவன்." கவ்வினார்.

ஐந்து.

"எவ்ளோ தம்பி?"

"இருங்க அம்மா. பேட்டரி வீக்." பேட்டரியை மாற்றினார். ஐந்து புள்ளி ஒன்று. அவனைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காலையில் ஏழு குடித்தவன் சாயங்காலம் ஐந்தோடு எழுந்துவிட்டான்.

"அஞ்சுன்னு எழுதுங்க," என்றாள் சுமலதா.

"இரு, ஏசியும் குறையும். மீட்டரே குறைச்சுக் காட்டுது." ஏசியைக் கவ்வினார்.

எட்டு புள்ளி எட்டு.

அஞ்சலாட்சி கேக்கை மென்றபடியே நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எட்டே முக்காலுக்கு மேலயே சொல்லுது," என்றார் அஞ்சலாட்சி எட்டிப் பார்த்து. "கண்ணாடி போடாமயே தெரியுது எனக்கு."

தெய்வசிகாமணி கவ்வினதை எடுத்துத் திரும்பக் கவ்வினார். மெயினை இறக்கி ஏற்றினார். மீட்டரை ஊதினார். எட்டு புள்ளி எட்டு அசையவில்லை. கடைசியில், செய்ய வேறொன்றும் இல்லாமல், மீட்டரை வோல்டேஜ் பக்கம் திருப்பி அதன் இரண்டு ஊசிகளையும் பிளக் ஓட்டையில் வைத்தார்.

நூற்று எழுபது.

இருபது வருஷம் அவர் இருந்த ஊரில் இருநூற்று முப்பது என்று எழுதினால் இருநூற்று முப்பது வரும். எழுதியிருப்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஞாயிறு கடை மூடும் என்றால் மூடும் என்பதுபோல அது ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைப் பெட்டியில் வைத்து முதலியார்பேட்டை வரைக்கும் தூக்கி வந்திருந்தார். மிஷின் முதுகில் கம்பெனிக்காரன் போட்ட எண் தெரு மோட்டார்களுக்குத் தெரியாது என்பது இப்போதுதான் உறைத்தது.

மனதுக்குள் கணக்கு தானாக ஓடியது. நூற்று எழுபதை முப்பத்துமூன்றால் வகுத்தால் ஐந்து சொச்சம். அவன் வெறும் கம்பிச்சுருள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு அதற்குத் தக்கபடி சூடாகிறவன். ஏசி அப்படியில்லை. அதற்குப் பின்னால் ஸ்டெபிலைசர் உட்கார்ந்திருக்கிறது. தெருவில் எவ்வளவு குறைந்தாலும் ஏசிக்கு இருநூற்று முப்பது கொடுத்தே தீருவேன் என்று, குறைந்த உயரத்துக்குப் பதில் கூடுதல் ஆம்பியரை உறிஞ்சி ஈடுகட்டுகிறது. நூற்று எழுபதால் எட்டு புள்ளி எட்டைப் பெருக்கினால் அதே ஆயிரத்து ஐந்நூறு பக்கம்தான் வருகிறது. எல்லாம் சரி. அவருடைய சூத்திரம் இம்மியும் பிசகவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அம்மா, இது செல்லாது. வோல்டேஜ் கம்மி. காலையில அளந்தா அவன்தான்..."

"தம்பி, மெயின் காலையிலயா வுழுது?"

அவர் மீட்டரை அணைத்தார்.

"சாயங்காலம்தான வுழுது? சாயங்காலம் எது சாஸ்தியா இழுக்குது? உன் ஏசி. நாளையிலேருந்து சாயங்காலம் அது ஓடக் கூடாது. சுமா, கேக்ல முந்திரி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

"நாளைக்குப் போடறேன்மா."

அஞ்சலாட்சி படியேறினார். தெய்வசிகாமணி டையைத் தளர்த்திக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"எனக்கு என்னாங்க தெரியும்? யூ யாருன்னே தெரியாதே."

"சுமா!"

"காலையில வெச்ச கேக் சீக்கிரம் வெந்துடும். அதே கேக்கைச் சாயங்காலம் வெச்சா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் ஆவும். ஓம் மாறாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. ஓம் மாறல, மாவு மாறல, அப்புறம் டேங்க்லதான தண்ணி இறங்கியிருக்கணும்?"

"ஏசி ஏறும்னு எப்படித் தெரியும்?"

"காலையில ஏசி ஓடறப்ப அந்த பிளக்கைத் தொட்டா சும்மா இருக்கும். சாயங்காலம் விளக்கேத்தறப்ப தொட்டா சுடும். சும்மா சுடுமா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இதையெல்லாம் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தார். அவள் முதல் நாளே கேட்டாள்தான், டேங்க்கில் எப்பவும் ஒரே அளவா என்று. முதுகில் போட்டிருக்கிறது என்று பதில் சொன்னது யார்?

"என் வேலை என்னாகறது சுமா? கோட்டைப் போட்டுக்கிட்டு நான் வெந்து சாகணுமா?"

அவள் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. அது நிஜமாகவே இரக்கம்தான். பிற்பாடு நடந்ததை வைத்து அதைச் சந்தேகிக்கக் கூடாது.

"ஏன் இப்படிப் பேசறீங்க? அம்மா சாயங்காலம்தான வேணாம்னாங்க? காலையில அவன் ஏழு, ஏசி ஆறரை. ரெண்டும் சேந்தா பதிமூணரை. பதினாறுக்குள்ளதான? சாயங்காலம் மாதிரி டிவி, லைட்டு, தண்ணி மோட்டார் கிடையாது. மேல ஃபேன், ஃப்ரிட்ஜ் ஓடினாலும் இடம் இருக்கு. காலையில ரெண்டும் ஜாலியா ஓடட்டும்."

அவர் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். கூட்டினால் பதிமூன்றரைதான். அவருக்குக் கண்ணில் நீர் வராத குறை. காலை முழுக்க அவருக்கு வேலை கிடையாது. ஜில்லென்று ஹாலில் நன்றாகத் தூங்கி எழுந்து, உடம்பில் குளிரைச் சேர்த்து வைத்துக்கொண்டு மதியம் கோட்டைப் போட்டால் பாதி நாளாவது தாங்கும். இவளைப் போய் எதிரி என்று நினைத்தோமே என்று அன்று சாயங்காலம் வேர்வையோடு வேர்வையாக ஒரு நெகிழ்ச்சி வந்தது. இன்சூரன்ஸில் வந்த ஒரு கிழவரிடம், தேவையே இல்லாமல், "மனைவி என்பவள் பெரிய வரம், மொசியே" என்றுகூடச் சொன்னார். கிழவர் விவாகரத்தானவர். லைனைத் துண்டித்துவிட்டார்.

மறுநாள் காலையில் தெய்வசிகாமணி கண் விழித்தபோது ஹால் சுவரில் ஏசி இல்லை. சதுரமாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறையிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. ஏசி மெக்கானிக் இராமதாஸ் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "வணக்கம் சார், அக்கா முந்தாநாளே சொல்லிட்டாங்க, எனக்குத்தான் இன்னிக்கு டைம் கிடைச்சது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முந்தாநாள். மீட்டர் இன்னும் ஒரு ஒயரைக்கூடக் கவ்வாத நாள்.

சின்ன அறைக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து குளிர் அவர் வேர்த்த முகத்தில் மோதியது. மேஜை மேல் மூன்றடுக்குக் கல்யாணக் கேக் ஒன்று நின்றிருந்தது. சுமலதா அதற்கு வெள்ளைக் கிரீமில் ரோஜா வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தெய்வசிகாமணி வாசற்படியில் நின்று கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

"கதவைச் சாத்துங்க, கிரீம் இளகுது."

"எந்தப் பக்கமா நின்னு சாத்தணும் சுமா?"

"வெளிப்பக்கமாங்க."